பிரான்ஸ் முனையிலிருந்து அம்மாவுக்கு: 1914–18 சிப்பாய்க் கடிதங்களை எப்படிப் படிப்பது, எப்படித் தொகுப்பது?

தொகுப்பாளர்_மீனா

அனைவருக்கும் வணக்கம். முதல் உலகப் போரில் பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களில், தாய்க்குப் போனவற்றை மட்டும் எடுத்துத் தமிழில் தரும் சிறு தொகுப்பு ஒன்று தயாராகிறது. மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது எண்ணம். மூலக் கடிதங்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கையில் இருப்பவை தணிக்கை அலுவலகம் ஆங்கிலத்தில் பெயர்த்துத் தட்டச்சு செய்து வைத்த பகுதிகள்.

மூன்று இடங்களில் வேலை நிற்கிறது. தாய்க்கு எழுதியவை என்று தேடினால் மிகக் குறைவாகவே அகப்படுகின்றன; அண்ணன், தகப்பன், மாமன், சிநேகிதன் என்றுதான் பெறுநர்கள் வருகிறார்கள். கடிதத்தின் தேதியும், தணிக்கை அலுவலகம் அதைச் சேர்த்து அனுப்பிய வார அறிக்கையின் தேதியும் தள்ளித் தள்ளி நிற்கின்றன. எதைத் தலைப்பில் போடுவது? மூன்றாவது, "நான் சுகம், நீங்கள் கவலைப்பட வேண்டாம்" என்பதைத் தவிர வேறொன்றும் இல்லாத கடிதங்களைச் சேர்ப்பதா விடுவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கள_அஞ்சல்

முதலில் கடிதம் எந்த வழியாகப் போனது என்பதைப் பார்த்துவிடுவோம். தேதிக் குழப்பத்தில் பாதி அங்கேயே தீரும்.

பிரான்சுக்குப் போன இந்தியக் காலாட்படைப் பெரும்பிரிவுகள் இரண்டு. லாகூர் டிவிஷன் 1914 செப்டம்பர் 26 அன்று பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கியது. மீரட் டிவிஷன் அக்டோபரில் வந்தது. அகழியில் இருக்கும் சிப்பாய் கடிதத்தைத் தன் படைப்பிரிவில் கொடுப்பான். அங்கே ஒரு பிரிட்டிஷ் அதிகாரி பார்த்து முத்திரை போடுவார். இது முதல் தணிக்கை. பிறகு கள அஞ்சலகம். அங்கே எண் போட்ட அஞ்சல் முத்திரை விழும், ஊர்ப்பெயர் இருக்காது. அதன்பின் இந்திய அஞ்சலின் தலைமைத் தளம். முதலில் பிரான்சின் ருவான் நகரம், பிறகு பொலோன் துறைமுகம். இந்திய அஞ்சல்களுக்கென்று தனித் தணிக்கையாளர் உட்கார்ந்திருந்தது அங்கேதான். அந்தப் பொறுப்பை முதலில் ஏற்றவர் ஈ. பி. ஹோவெல், இந்திய அரசியல் துறையிலிருந்து வந்தவர். அவர் கையைத் தாண்டிய பைகள்தான் கப்பலேறி பம்பாய் வந்து, ரயிலேறி, கிராமத்து அஞ்சல்காரர் தோள்பைக்கு வரும்.

கேள்வி எழுதிப் பதில் வாங்க இரண்டு மாதமாவது ஆகும். மகன் ஜனவரியில் "காலில் காயம்" என்று எழுதி, தாயின் பதில் அவனுக்குக் கிடைக்கும்போது அவன் குணமாகி மறுபடி அகழிக்கே போயிருப்பான். கடிதங்களை ஜோடி சேர்க்கும்போது இந்த இடைவெளியைக் கணக்கில் வையுங்கள். பதில் போலத் தோன்றுவது பலசமயம் அதற்கு முந்தைய கடிதத்துக்கான பதிலாக இருக்கும்.

கடிதங்கள் மொத்தமாகக் காணாமலும் போயின. பி அண்ட் ஓ கம்பெனியின் 'பெர்சியா' கப்பல் 1915 டிசம்பர் 30 அன்று கிரீட் தீவுக்குத் தெற்கே ஜெர்மன் நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்தியாவுக்கான அஞ்சல் பைகளும் அதோடு போயின. 1916 தொடக்கத்தில் வந்த கடிதங்களில் "பதிலே வரவில்லை" என்ற முறையீட்டைக் கண்டால், மகனோ வீட்டாரோ எழுதாமல் விட்டார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

காப்பக_வாசல்

மீனா அம்மா, உங்கள் கையில் இருக்கும் பகுதிகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் (அன்று இந்திய ஆட்சியைக் கவனித்த லண்டன் அலுவலகம்) ஆவணங்களில் உள்ளவை. எல்/மில்/5/825 முதல் 828 வரையிலான தொகுதிகளைப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியையும் எடுக்கும்போதே கீழ்க்கண்டவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் எழுதிக்கொள்வது நல்லது. பின்னால் போய்த் தேடினால் கண் போய்விடும்.

தொகுதி எண், தாள் எண், கடிதத்துக்குத் தணிக்கையாளர் கொடுத்த வரிசை எண், எழுதியவரின் பதவியும் படைப்பிரிவும், தணிக்கையாளர் குறித்த சமயம் அல்லது இனம், எங்கிருந்து, யாருக்கு, எந்த ஊருக்கு, மூல மொழி, கடிதத் தேதி, அது எந்த வார அறிக்கையோடு இணைக்கப்பட்டது, கடைசியாக அதன் கதி. கதி என்றால், கடிதம் அனுப்பப்பட்டதா, வரிகள் அடிக்கப்பட்டனவா, நிறுத்தி வைக்கப்பட்டதா என்பது. இந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நிறுத்தி வைக்கப்பட்ட கடிதத்தை அந்தத் தாய் ஒருநாளும் கேட்கவில்லை. நாம் மட்டும்தான் படிக்கிறோம். இதைக் குறிக்காமல் அச்சிட்டால் வாசகர் ஏமாந்துபோவார்.

தேதி விஷயம் எளிது. தலைப்பில் கடிதத் தேதியைப் போடுங்கள், அறிக்கைத் தேதியை அடிக்குறிப்பில் போடுங்கள். கடிதத் தேதி இல்லாத இடத்தில் "இன்ன வார அறிக்கைக்கு முன்" என்று மட்டும் சொல்லலாம், அதற்கு மேல் ஊகிக்க வேண்டாம். இந்தியாவிலிருந்து பிரான்சுக்கு வந்த கடிதம் என்றால், எழுதியதற்கும் அறிக்கையில் ஏறியதற்கும் இடையே கடல் பயணமும் சேர்ந்திருக்கும்.

ஊர்ப்பெயர், ஆள்பெயர் எழுத்துகளை நம்பாதீர்கள். குர்முகியிலோ (பஞ்சாபி எழுத்து) உருதுவிலோ இருந்ததைக் கேட்டும் பார்த்தும் ஆங்கிலத்தில் எழுதியபோது ஒரே கிராமம் இரண்டு மூன்று விதமாக வந்திருக்கிறது. சரிபார்க்க இரண்டு வழிகள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இந்திய வீரர் பலருக்குத் தகப்பன் பெயரும் கிராமமும் மாவட்டமும் இருக்கின்றன. இன்னொன்று, லாகூர் அருங்காட்சியகத்தில் இருந்த பஞ்சாப் பதிவேடுகள். ஏறத்தாழ 3,20,000 வீரர்களின் விவரம் கிராமவாரியாக அதில் உண்டு. 2021 முதல் மாவட்டம் மாவட்டமாக இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள்.

நெல்லைச்_சுந்தரம்

மாற்றுக் கருத்து ஒன்று சொல்ல வேண்டும். இவற்றை "மகன் தாய்க்கு எழுதிய கடிதம்" என்று தலைப்பிடுவதே தவறு என்பது என் எண்ணம்.

அந்தச் சிப்பாய்களில் மிகப் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் சொல்கிறான், எழுதத் தெரிந்த இன்னொருவன் எழுதுகிறான். எழுதுகிறவன் தனக்குப் பழகிய வாய்பாட்டில் எழுதுகிறான். அதிகாரி படிப்பார் என்று இருவருக்குமே தெரியும். பிறகு தணிக்கை அலுவலகம் தனக்கு வேண்டிய நாலு வரியை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. அந்த நாலு வரியும் ஆங்கிலமாகிறது. ஊரில் தாய்க்கும் படிக்கத் தெரியாது, பள்ளி ஆசிரியரோ, குருத்வாராவில் வேதம் ஓதும் கிரந்தியோ, மௌல்வியோ படித்துச் சொல்கிறார்கள். இத்தனை கை மாறியதை அந்தப் பையனின் குரல் என்று பிள்ளைகளிடம் கொடுப்பது நியாயமா?

அளவையும் யோசியுங்கள். 1915 மார்ச் வாக்கில் பிரான்சில் இருந்த இந்தியர்கள் வாரத்துக்கு 10,000 முதல் 20,000 கடிதங்கள் வரை எழுதினார்கள். தணிக்கையில் இருந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய சிறு குழு. அவர்கள் திறந்து பார்த்ததே ஒரு பகுதி. அதிலும் பெயர்த்து வைத்தது அரசுக்கு அக்கறையுள்ளவை: மனநிலை, விசுவாசம், ஆள் சேர்ப்புக்கு எதிரான பேச்சு, வெள்ளைக்காரப் பெண்களோடு பழக்கம். தாய்க்கு எழுதிய சாதாரணக் கடிதம் அவர்களுக்கு எதற்கு? மீனா அவர்கள் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் இதுவே. தாய்க்கடிதம் குறைவு என்பது சிப்பாய்கள் எழுதவில்லை என்பதற்குச் சாட்சியம் ஆகாது.

கடுதாசிக்_கோமதி

சுந்தரம் ஐயா அடுக்கியது அத்தனையும் சரி. ஆனால் அதிலிருந்து "இது அவன் குரல் இல்லை" என்ற முடிவுக்குப் போக வேண்டியதில்லை. கடிதம் எழுதும் முறையே அந்த ஊர்களில் அப்படித்தான் இருந்தது. சொல்லி எழுதுவதும், கூட்டத்தில் படிக்கக் கேட்பதும் போருக்கு முன்பே இருந்த வழக்கம். நம் பக்கத்திலும் "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்காத கடிதத்தைக் கடிதமாகவே மதிக்காத காலம் உண்டு. வாய்பாடு இருப்பதால் சொன்னவன் இல்லாமல் போய்விடவில்லை. வாய்பாடு எங்கே முடிகிறதோ அங்கே காதைக் கொடுக்க வேண்டும்.

பெறுநர் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். உறைமேல் ஆண் பெயர் இருந்தால் கடிதம் ஆணுக்கு மட்டும் என்று பொருளில்லை. பெண்ணின் பெயரை முகவரியில் எழுதுவது பல வீடுகளில் வழக்கமில்லை. அண்ணனுக்கு வந்த கடிதத்தின் நடுவில் "அம்மாவிடம் இப்படிச் சொல்", "அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டாதே" என்று வரும். எனக்குக் கேட்டால் தாய்க்கான சொற்களில் மிக முக்கியமானவை இந்த இரண்டாம் வகைதான். ஒரே சமயத்தில் அண்ணனிடம் உண்மையும் தாயிடம் ஆறுதலும் ஒரே தாளில் போகின்றன. ஆகவே பெறுநர் பட்டியலை மட்டும் வைத்துத் தேடாமல், கடித உடலுக்குள் தாய் வரும் இடங்களையெல்லாம் குறியுங்கள். தொகுப்பு பெருகிவிடும்.

தாய்க்கு என்ன எழுதினார்கள் என்று பார்த்தால் பெரும்பகுதி கொடுக்கல் வாங்கல். காலாள் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். அதில் ஒரு பங்கை வீட்டுக்குத் திருப்பிவிட ஏற்பாடு உண்டு. "பணம் வந்து சேர்ந்ததா, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார்கள், அடமான நிலத்தை மீட்டாயிற்றா, எருமை ஈன்றதா, தங்கை கல்யாணம் எந்த மாதம்" என்று வரிசையாகக் கேள்விகள் வரும். இவற்றைச் சுவாரசியமில்லை என்று வெட்டிவிடாதீர்கள். கோடையில் என்ன விதைப்பது என்று கேட்கிறவன் கோடையில் உயிரோடு இருக்கப்போவதாக அம்மாவை நம்பவைக்கிறான். இந்தக் கேள்விகளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது தணிக்கையாளரின் அக்கறைகள் மட்டுமே.

மூன்றாவது கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. "சுகம்" கடிதங்களில் நாலைந்தையாவது முழுசாகச் சேருங்கள். அவை இல்லாமல் மற்றவற்றின் கனம் தெரியாது.

மிளகாய்_வற்றல்

தணிக்கையைத் தாண்டிச் செய்தி அனுப்பிய விதங்களைத் தெரிந்துகொள்ளாமல் மொழிபெயர்க்க உட்காரக் கூடாது. தெரியாவிட்டால் சமையல் குறிப்பு என்று நினைத்து எழுதிவிடுவோம்.

எல்லோரும் அறிந்தது மிளகு உதாரணம். கருமிளகு தீர்ந்துபோய்விட்டது, இப்போது சிவப்பு மிளகு செலவாகிறது, ஆனால் காரம் கருப்பில்தான் அதிகம் என்ற பொருளில் ஒரு கடிதம் இருக்கிறது. கருப்பு இந்தியப் படை, சிவப்பு வெள்ளையர் படை. தணிக்கையாளருக்கும் இது புரிந்தது, அதனால்தான் பதிவில் இருக்கிறது. புரியாமல் தாண்டிப்போனவை நமக்குக் கிடைக்கப்போவதில்லை. குறிப்பாகப் பேசுவதில் இவர்கள் கெட்டிக்காரர்கள், கண்டிப்பான தணிக்கையால்கூட முழுதாகத் தடுக்க முடியாது என்று ஹோவெலே மேலிடத்துக்கு எழுதினார். சிப்பாய்கள் கவிதை எழுதத் தொடங்கியதைக்கூட மனக்கலக்கத்தின் கெட்ட அறிகுறி என்று அவர் குறித்தார். கடித நடுவில் செய்யுள் வந்தால் அலங்காரம் என்று வெட்டாமல் அப்படியே செய்யுளாகக் கொண்டுவரப் பாருங்கள்.

இன்னொன்று, சேங்கொட்டை. வடக்கே பிலாவா என்பார்கள். வண்ணார் துணியில் குறி போடும் அதே கொட்டை. அதன் பாலைத் தோலில் தடவினால் கொப்புளமும் வீக்கமும் வரும். அதை வீட்டிலிருந்து வரவழைத்து, நோய் காட்டி முனையிலிருந்து தப்பப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஊரிலிருந்து வந்த பொட்டலங்களில் மருந்து, விதை, கொட்டை என்றிருப்பதைப் படிக்கும்போது சூழலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எல்லா மருந்தும் இந்த மருந்து அல்ல. அபினும் புகையிலையும் கேட்டு எழுதியவர்களும் உண்டு.

மூன்றாவது, "இங்கே மழை ஓயவில்லை", "அறுவடை நடக்கிறது", "தானியம் வறுபடுகிறது" போன்ற வரிகள். போரில் ஆள் சாவதைத் தானியம் வறுபடுவதாகச் சொல்வது இக்கடிதங்களில் வரும் உவமை. ஆனால் மெய்யான மழையும் உண்டு! 1914 குளிர்காலத்தில் மெல்லிய காக்கித் துணியோடு வந்து இறங்கியவர்கள் அவர்கள். சேற்றிலும் பனியிலும் கால் விரல்கள் அழுகின. மழை என்று வந்தாலே குண்டுமழை என்று பெயர்த்துவிடாதீர்கள். அந்த வாரம் அந்தப் படைப்பிரிவு எங்கே இருந்தது என்று பார்த்த பிறகே முடிவு.

தொகுப்பாளர்_மீனா

கோமதி அம்மா சொன்ன வழியில் கடித உடலுக்குள் தேட ஆரம்பித்தாயிற்று, நன்றி. சுந்தரம் ஐயாவின் எச்சரிக்கையை முன்னுரையிலேயே வைக்கிறோம். படைப்பிரிவு எந்த வாரம் எங்கே இருந்தது என்பதற்கு ஒரு சுருக்கமான காலவரிசை யாராவது தர முடியுமா? கடிதங்களை அதில் பொருத்திப் பார்க்க வேண்டும்.

கள_அஞ்சல்

முக்கியமானவை மட்டும்.

1914 அக்டோபர் கடைசி வாரம், பெல்ஜியத்தின் ஈப்ரு நகர் அருகே முதல் சண்டை. 129-ஆம் பலூச்சிப் படையின் குதாதாத் கான், பிரிட்டனின் உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்றது அக்டோபர் 31 அன்று ஹோல்பெக்கில் நடந்த சண்டைக்காக. நவம்பர், டிசம்பரில் பிரான்சின் ஃபெஸ்டுபேர், ஷிவான்ஷி பக்கம் அகழிச் சண்டை. இந்தக் காலக் கடிதங்களில் திகைப்பு அதிகம். காயம்பட்ட வீரர் ஒருவர் 1915 ஜனவரியில் இங்கிலாந்து மருத்துவமனையிலிருந்து, இதைப் போர் என்று நினைக்காதே, உலகத்தின் முடிவு, மகாபாரதத்தில் சொன்னது போன்றது என்ற பொருளில் எழுதினார்.

1915 மார்ச் 10 முதல் 13 வரை பிரான்சின் நவ் ஷப்பேல் சண்டை. பிரான்சிலிருந்த இந்தியப் படை மட்டும் 4,000-க்கும் மேற்பட்டோரை இறப்பாகவும் காயமாகவும் இழந்தது. மார்ச் பிற்பாதியில் மருத்துவமனைக் கடிதங்கள் குவிவது இதனால். ஏப்ரல் 22 அன்று ஈப்ருவில் ஜெர்மானியர் விஷவாயு விட்டார்கள். லாகூர் டிவிஷனை அவசரமாக வடக்கே நடத்திக் கொண்டுபோய் 26-ஆம் தேதி தாக்குதலில் இறக்கினார்கள். "புகை" என்று மே மாதக் கடிதங்களில் வந்தால் அது இதுவாக இருக்கலாம். செப்டம்பர் 25 லூஸ் சண்டை, மீரட் டிவிஷன் அதன் பக்கத் தாக்குதலில். 1915 இறுதியில் காலாட்படை மெசபடோமியாவுக்கு (இன்றைய ஈராக்) மாற்றப்பட்டது. குதிரைப்படை 1918 தொடக்கம் வரை பிரான்சிலேயே இருந்து பிறகு பாலஸ்தீனம் போனது.

ஆகவே 1916-க்குப் பிந்தைய கடிதங்கள் பெரும்பாலும் சவார்கள் எனப்பட்ட குதிரைவீரர்களுடையவை. அவற்றின் தொனி வேறு. முன்வரிசையில் இருந்த நாட்கள் குறைவு, பிரெஞ்சுக் கிராமங்களில் வீடுகளில் தங்கிய நாட்கள் அதிகம். இரண்டு காலத்தையும் ஒரே அத்தியாயத்தில் கலந்தால், சிப்பாய்கள் மெல்ல மெல்லப் போருக்குப் பழகிவிட்டார்கள் என்ற பொய்த் தோற்றம் கிடைக்கும். உண்மையில் எழுதிய ஆட்களே மாறிவிட்டார்கள்.

கடுதாசிக்_கோமதி

அந்த 1916, 1917 கடிதங்களில் உங்கள் தலைப்புக்கு நேராகப் பொருந்தும் ஒரு சரடு இருக்கிறது. பிரெஞ்சுத் தாய்மார்கள். மகன்களைப் போருக்கு அனுப்பிவிட்டு வீட்டில் தனியாக இருந்த கிழவிகள் இந்தச் சவார்களுக்குத் துணி துவைத்தார்கள், படுக்கை விரித்தார்கள், காலையில் ரொட்டியும் வெண்ணெயும் பாலும் காப்பியும் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு கடிதத்தில், படை கிளம்பும் நாளில் அந்த மூதாட்டி இவன் தோளில் சாய்ந்து அழுது, வழிச்செலவுக்கு ஐந்து பிராங்க் நோட்டைக் கையில் திணிக்கிறாள். அவள் தன் மகனைப் பறிகொடுத்தும் அழுது பார்க்காத பெண் என்று எழுதுகிறவர் வியக்கிறார்.

இதையெல்லாம் ஊரிலிருக்கும் தாய்க்குத் தெரியப்படுத்துவதில் இரட்டை நோக்கம் இருந்தது. என்னைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி இருக்கிறாள் என்ற ஆறுதல் ஒன்று. இந்த நாட்டுப் பெண்கள் படித்தவர்கள், வயலையும் கடையையும் தாங்களே நடத்துகிறார்கள், நம் வீட்டுப் பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்புங்கள் என்ற வற்புறுத்தல் இன்னொன்று. பெண்கல்வி பற்றிய இந்த வரிகள் சீக்கியர் கடிதங்களில் நிறையவே உண்டு. தணிக்கையாளரும் ஆர்வத்தோடு குறித்திருக்கிறார்.

காப்பக_வாசல்

மருத்துவமனைக் கடிதங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரிலிருந்த அரச மாளிகை 1914 டிசம்பர் முதல் இந்தியக் காயக்காரர்களுக்கு மருத்துவமனையானது. சமயத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையற்கட்டுகள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய், உருதுவிலும் இந்தியிலும் குர்முகியிலும் அறிவிப்புப் பலகைகள். அரசாங்கம் இதை நன்றாக விளம்பரப்படுத்தியது, படம்போட்ட அஞ்சல் அட்டைகள் அச்சாயின. ஆகவே "ராஜா அரண்மனையில் படுத்திருக்கிறேன், சாப்பாடு சொர்க்கம்" என்ற வகைக் கடிதங்கள் ஏராளம். பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் அதே பிரைட்டனில், பழைய ஏழையர் இல்லத்தில் இயங்கிய கிட்சனர் மருத்துவமனையில் வெளியே போகத் தடை இருந்தது, சுற்றிலும் காவல். அங்கிருந்து வந்த கடிதங்கள் சிறைவாசம் என்கின்றன. ஊர் பெயர் ஒன்றே என்பதால் இரண்டையும் கலக்காதீர்கள். எந்த மருத்துவமனை என்று குறியுங்கள்.

குணமானவர்களை மறுபடி முனைக்கு அனுப்பியதுதான் அவர்களுடைய தீராத மனக்குறை. ஒருமுறை ரத்தம் சிந்தியாயிற்று, இனி வீட்டுக்கு விடுவதே முறை என்று அவர்கள் நினைத்தார்கள். 1915 ஆகஸ்டில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பிரைட்டனில் காயம்பட்ட இந்திய வீரர் மீர் தஸ்துக்கு விக்டோரியா கிராஸ் அணிவித்தபோது, மீர் தஸ்து மன்னரிடம் கேட்டதும் இதையேதான்.

நெல்லைச்_சுந்தரம்

தமிழ்க் கடிதம் ஏன் ஒன்றுகூட இல்லை என்று வாசகர் கட்டாயம் கேட்பார். முன்னுரையில் ஒரு பத்தி வேண்டும். அப்போதைய ஆள்சேர்ப்பு, 'போர்க்குடிகள்' என்று வகுத்துப் பஞ்சாபையும் எல்லைப்புறத்தையும் நேபாளத்தையும் கடுவாலையும் நோக்கித் திரும்பிவிட்டது. சென்னை மாகாணக் காலாட்படைகள் பல கலைக்கப்பட்டிருந்தன. பிரான்சுக்குப் போன இரு டிவிஷன்களில் சென்னைப் படைகள் இல்லை. 63-ஆம் பாளையங்கோட்டை இலகு காலாட்படையும் 61-ஆம் பயனியர் படையும் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் தாங்காவில் இறங்கின. அந்தச் சண்டை பெருந்தோல்வி. பிரான்ஸ் அஞ்சல் தணிக்கையில் தமிழைத் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இவ்வளவுதான். இல்லாததை நிரப்ப ஒரு கற்பனைத் தமிழ்ச் சிப்பாயை நுழைக்கும் ஆசை வரும். வேண்டாம்.

என் முந்தைய ஆட்சேபத்தைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் கோமதி சொன்ன "அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே" வகைக் கடிதங்களைத் தனிப் பகுதியாக வைப்பதாக இருந்தால் தலைப்பை ஏற்கிறேன்.

யாழ்_வாசிகன்

குரல் என்று பேச்சு வந்ததால் ஒன்று சொல்லுறன். கை மாறாத குரலும் உண்டு. ஜெர்மானியரிடம் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களை பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃபில் 'பிறைநிலா முகாம்' என்ற இடத்தில் வைத்திருந்தவை. பிரஷ்ய அரச ஒலிப்பதிவு ஆணையம் அங்கே போய் அவர்களைப் பேசவும் பாடவும் வைத்துப் பதிந்தது. தட்டுகள் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழக ஒலிக் காப்பகத்தில் இருக்கு. மால் சிங் என்பவர் 1916 டிசம்பர் 11 அன்று பேசியது பலராலும் கேட்கப்பட்டது. தன்னைப் பற்றியே 'ஒரு மனிதன் இருந்தான்' என்று கதைபோலச் சொல்லுறார். இந்துஸ்தானத்தில் வெண்ணெய் உண்டவன், பால் குடித்தவன், ஐரோப்பியப் போருக்குள் வந்து மாட்டினவன், ஊர் திரும்ப ஆசைப்படுறவன். ஒலிப்பதிவுக் குழலுக்கு முன்னால் நிறுத்தி வைத்துப் பேசச் சொன்னதுதான், அதுவும் சுதந்திரமான பேச்சில்லை. எண்டாலும் மூச்சு வாங்குறது கேட்குது. தொகுப்பில் இணைப்பாக அதன் எழுத்துவடிவத்தைச் சேர்த்தால் பிள்ளையளுக்கு வித்தியாசம் விளங்கும்.

வேலூர்_பேட்டை

தமிழ் வீடுகளில் கடிதம் இருக்க வேண்டுமானால் பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருடையதாக இருக்கும். வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை போலத் தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் அனுப்பிய ஊர்களில் பெட்டியடியில் இன்னும் கிடக்கும். அவற்றைக் கையாளும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இந்த இழையைப் படிக்கிறவர்கள் யாருக்காவது உதவும்.

மடிப்பைப் பலவந்தமாக விரிக்காதீர்கள். காய்ந்த தாள் மடிப்பில்தான் உடையும். ஈரப்பதம் கொஞ்சம் உள்ள அறையில் ஒரு நாள் திறந்த தட்டில் வைத்துவிட்டு, பிறகு மெல்லப் பிரித்து இரண்டு வெள்ளைத் தாளுக்கு இடையில் கனமான புத்தகத்தின் கீழ் வையுங்கள். தண்ணீர் தெளித்து இஸ்திரி போடவே கூடாது. போர்முனையில் பலரும் எழுதியது நகல் பென்சிலால். காய்ந்திருக்கும்வரை சாம்பல் நிறம், ஈரம் பட்டால் ஊதாவாகக் கரைந்து வரிகள் ஓடிவிடும், திரும்ப வராது. லேமினேஷன் வேண்டாம். செல்லோடேப் வேண்டாம், அதன் பசை சில வருஷத்தில் மஞ்சளாகித் தாளைத் தின்னும். குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி இருந்தால் துரு படரும் முன் எடுத்துவிடுங்கள்.

படமெடுக்கும்போது உறையின் இரு பக்கமும், வெற்றுப் பக்கமும் சேர்த்து எடுங்கள். மங்கிய பென்சில் எழுத்துக்கு ஃபிளாஷ் உதவாது. ஜன்னல் பக்கம் தாளைப் படுக்கவைத்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி எடுத்தால் பென்சில் அழுந்திய தடம் நிழலாகத் தெரியும். உறையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடிதத்தை மட்டும் வைத்திருப்பவர்கள் நிறைய. கள அஞ்சலக எண்ணும் தணிக்கை முத்திரை எண்ணும் உறையில்தான் இருக்கும். உள்ளே இடம் சொல்ல அனுமதி இல்லாததால், மகன் எங்கிருந்து எழுதினான் என்று கண்டுபிடிக்க அந்த எண்ணை விட்டால் வேறு வழி குறைவு. எண்ணையும் தேதியையும் சேர்த்தே பாருங்கள். கள அஞ்சலகம் படையோடு நகரும், அதே எண் ஒரு வருஷம் கழித்து வேறொரு நாட்டில் இருக்கும்.

தொகுப்பாளர்_மீனா

இப்போதைக்கு முடிவு செய்திருப்பது: முதல் பகுதி 1914–15 காலாட்படை, இரண்டாம் பகுதி 1916–18 குதிரைப்படை. இரண்டுக்கும் நடுவே, தாயிடம் மறைக்கச் சொன்ன கடிதங்கள் தனியாக. ஒவ்வொன்றின் தலையிலும் மூல மொழி, கடிதத் தேதி, படைப்பிரிவு, எழுதிய இடம். காலில் தணிக்கையின் முடிவும் தாள் எண்ணும். நிறுத்தி வைக்கப்பட்ட கடிதங்களுக்கு ஓரத்தில் கருங்கோடு. பணம், நிலம், எருமை, கல்யாணம் எதையும் வெட்டவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். எழுதியவர்களின் பெயரைப் போடலாமா?

காப்பக_வாசல்

போடலாம். ஆனால் தணிக்கை அறிக்கையில் உள்ள எழுத்தை மாற்றாமல் அடிக்குறிப்பில் தாருங்கள், நீங்கள் ஊகித்த வடிவத்தை மேலே தாருங்கள். நோய் காட்டித் தப்பப் பார்த்தவர்கள், பெண் தொடர்பு பற்றி எழுதியவர்கள் விஷயத்தில் மட்டும் பெயரை விட்டுவிட்டுப் படைப்பிரிவோடு நிறுத்துங்கள். அந்தக் கிராமங்களில் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.